குருதிக் கொடையும் அபய தானமும்

சென்ற ஆண்டு சாரல் பருவத்தில் நாம் சிலர் குடும்பத்தோடு கழுகுமலைக்குச் சென்றிருந்தோம். பாண்டியர் காலத்தில் பாறையில் வடிக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தரிசித்துவிட்டு, சங்கரன்கோயில் வழியாகத் தென்காசியை அடைந்து தங்கினோம். மறுநாள் காலை குற்றாலத்து ஐந்தருவிக்குப் போனபோது, அருவிக்கு முன்பாகவே காவலர் கயிறு கட்டி எல்லோரையும் நிறுத்தி வைத்திருந்தார். நீர்வரத்து மிகும் என்பதால் குளிக்கத் தடை என்றார்கள்.

பாறையிலிருந்து ஐந்து பிரிவாக விழும் நீர் அப்போது தெளிவாகவே இருந்தது. எம்முடன் வந்த மூதாட்டியார் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "இத்தனை தூரம் வந்திருக்கிறோம். தண்ணீர் பளிங்கு போல விழுகிறது. இதற்கு எதற்கு ஐயா தடை?" என்று கேட்டார். அந்தக் காவலர் சினம் கொள்ளாமல், "மேல மழை பெய்யுதும்மா. அது இங்க நின்னா தெரியாது" என்று மட்டும் சொன்னார். முக்கால் மணி நேரம் சென்றது. நீரின் நிறம் மாறிச் செம்மண் கலந்து, சருகும் சுள்ளியுமாக இரைந்து விழத் தொடங்கியது. மூதாட்டியார் ஒன்றும் பேசாமல் கைகூப்பினார்.

"அது இங்க நின்னா தெரியாது" என்ற சொல் திரும்பும் வழியெல்லாம் எம் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. வரும் வழியில் சாத்தூரைக் கடந்து வந்திருந்தோம். அந்த ஊரின் பெயரோடு சேர்ந்துவிட்ட துயர நிகழ்ச்சி ஒன்றும், எம் சொந்த வாழ்க்கையில் நேர்ந்த பிழை ஒன்றும் அச்சொல்லால் நினைவுக்கு வந்தன. இவ்விரண்டையும் வைத்து, குருதி கொடுத்தலும் ஏற்றலும் பற்றிய அறவினா ஒன்றை வாசக அன்பர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

சாத்தூரில் நிகழ்ந்தது

2018 டிசம்பர் 3-ஆம் நாள், சாத்தூர் அரசு மருத்துவமனையில் கருவுற்றிருந்த தாய் ஒருவருக்கு, சோகை காரணமாகக் குருதி ஏற்றப்பெற்றது. அக்குருதி சிவகாசி அரசு மருத்துவமனையின் இரத்த வங்கியிலிருந்து வந்தது. அதை அளித்தவர் ஓர் இளைஞர். உறவினர் ஒருவரின் தேவைக்காக நவம்பர் 30-ஆம் நாள் அவர் குருதி கொடுத்திருந்தார். அந்த உறவினருக்கு அது பயன்படாமையால் பை வேறு நோயாளிக்குச் சென்றது.

சில நாள் கழித்து, வெளிநாட்டு வேலைக்காகச் செய்துகொண்ட பரிசோதனையில் தமக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை அவ்விளைஞர் அறிந்தார். அறிந்ததும் அவர் மறைத்து ஒதுங்கவில்லை. தாமே மருத்துவமனைக்குச் சென்று, தம் குருதியை எவருக்கும் ஏற்ற வேண்டா என்று தெரிவித்தார். அதற்குள் அது ஏற்றப்பெற்றுவிட்டது. அந்தத் தாய்க்கும் தொற்று உறுதியாயிற்று.

இதனினும் நெஞ்சை உலுக்கும் செய்தி பின்னரே வெளிவந்தது. அவ்விளைஞர் 2016-ஆம் ஆண்டிலேயே ஒரு முகாமில் குருதி அளித்திருந்தார். அப்போதே ஆய்வில் தொற்று தெரிந்திருந்தது. ஆனால் அச்செய்தி அவரிடம் போய்ச் சேரவில்லை. தம் உடலைப் பற்றிய உண்மை ஒரு பதிவேட்டில் இரண்டாண்டு உறங்கிக் கிடக்க, அவர் மீண்டும் நல்லெண்ணத்தோடு கை நீட்டியிருக்கிறார். நடந்ததைத் தாங்க மாட்டாமல் நஞ்சுண்டு, அந்த டிசம்பர் இறுதியில் மதுரை அரசு மருத்துவமனையில் அவர் உயிர் துறந்தார்.

2019 ஜனவரியில் அந்தத் தாய்க்குப் பெண் மகவு பிறந்தது. மருத்துவர்கள் உரிய மருந்துகளை அளித்துப் பேணியதால் குழந்தைக்குத் தொற்று இல்லை எனப் பின்னர்த் தெளிவாயிற்று. ஆய்வக ஊழியர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-இல் ரூ. 25 லட்சம் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

சட்டம் தன் கடமையைச் செய்தது. அறம் எழுப்பும் வினா அதனோடு முடியவில்லை.

எவருடைய வினை?

அந்த ஆய்வக ஊழியருக்குக் கொல்லும் எண்ணம் இருந்ததா? இல்லை. பையை அனுப்பியவருக்கோ, ஏற்றிய செவிலியருக்கோ தீங்கு செய்யும் நினைவு இருந்ததா? இல்லை. எல்லோருமே உயிர் காக்கும் பணியில் இருந்தவர்கள். எண்ணம் தூய்மையாயின் செயலும் தூயதே என்று கூறும் உலக வழக்குப்படி இங்கு எவரும் குற்றவாளி அல்லர். ஆயினும் ஓர் உயிர் போயிற்று. மற்றோர் உயிர் வாழ்நாள் முழுதும் மருந்தோடு பிணைக்கப்பட்டது. அப்படியானால் இந்த ஹிம்சை எங்கிருந்து வந்தது?

நம் ஆசாரியர்கள் இவ்வினாவை நெடுங்காலத்துக்கு முன்பே எதிர்நோக்கியிருக்கிறார்கள். உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, உயிர்க்கு ஊறு நேர்வதோடு பிரமாதத்தையும், அதாவது விழிப்பின்மையையும் சேர்த்தே கூறுகிறார். குந்தகுந்தரின் பிரவசனசாரமும் இக்கருத்தை வற்புறுத்துகிறது. நிலம் நோக்கி அடியெடுத்து வைக்கும் முனிவரின் காலடியில், அவர் அறியாமல் ஒரு சிற்றுயிர் வந்து மடிந்தால், அவரை ஹிம்சையின் பந்தம் பற்றுவதில்லை. பாராமல் நடப்பவன் காலடியில் ஓர் உயிரும் மடியாவிடினும், அவனை அது பற்றுகிறது. விளைவு ஒன்று, விழிப்பு வேறொன்று. வினையை நிறுப்பது விழிப்பே.

இந்த அளவுகோலை இரத்த வங்கியின் மேசைமீது வைத்துப் பார்ப்போம். நம் நாட்டில் ஒவ்வொரு பைக் குருதியும் ஐந்து நோய்களுக்காகக் கட்டாயமாக ஆய்வு செய்யப்பட வேண்டும். எச்.ஐ.வி., மஞ்சட்காமாலைக்குக் காரணமாகிய பி வகை, சி வகை வைரசுகள், மேகநோய், மலேரியா என்பனவே அவ்வைந்து. ஆயினும் மிகச் செம்மையான ஆய்விற்கும் ஓர் எல்லை உண்டு. கிருமி உடலுள் புகுந்த முதற்சில நாள்களில், குருதி அதற்கெதிரான எதிர்ப்பொருளை உண்டாக்கியிருக்காது. எனவே எலிசா போன்ற ஆய்விற்கு அது அகப்படாது. இதனை மருத்துவர்கள் இடைவெளிக் காலம் என்பர். கிருமியின் மரபுப் பொருளையே தேடும் நாட் என்னும் ஆய்வு இவ்விடைவெளியைச் சுருக்குமேயன்றி முற்றும் நீக்காது. மலைமேல் பெய்த மழை கீழே நிற்பவர்க்குத் தெரியாதிருப்பது போன்றதே இதுவும்.

எல்லா ஆய்வும் ஒழுங்காகச் செய்தபின் இவ்விடைவெளியில் ஒரு தீங்கு நேருமாயின், அது முனிவரின் காலடியில் மடிந்த உயிரை ஒக்கும். அது வருந்தத்தக்கது, பழிக்கத்தக்கதன்று. சாத்தூர் நிகழ்ச்சி அத்தகையதன்று. தெரிந்த உண்மை தெரிவிக்கப்படவில்லை. செய்ய வேண்டிய ஆய்வு செய்ய வேண்டியவாறு பயன்படவில்லை. இது பாராமல் நடந்த நடை. மற்றொன்றையும் எண்ண வேண்டும். இதேபோல் பாராமல் அனுப்பப்பெற்று, நற்பேற்றினால் தீங்கு விளைக்காத பைகள் எத்தனை இருக்குமோ? சட்டம் அவற்றை அறியாது. கணக்கில் கொள்ளவும் இயலாது. நம் தருமமோ அவற்றையும் ஹிம்சை என்றே எழுதிக்கொள்ளும்.

இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய குறையன்று. பிரிட்டனில் 1970-களிலும் 1980-களிலும் குருதியாலும் குருதிப் பொருள்களாலும் 30,000-க்கும் மேற்பட்டோர் தொற்றுக்கு ஆளாயினர். அது குறித்து ஆராய்ந்த விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2024 மே மாதத்தில் வெளிவந்தது. அத்துயரம் தற்செயலாக நேர்ந்ததன்று, பெரும்பாலும் தவிர்த்திருக்கக் கூடியது என்றும், உண்மை நெடுங்காலம் மறைக்கப்பட்டது என்றும் அவ்வறிக்கை தெளிவாக உரைத்தது. செல்வமும் கல்வியும் மிக்க நாட்டிலும் பிரமாதம் பிரமாதமே.

இன்னொரு நுட்பமும் கருதத்தக்கது. குருதிப் பை பல கைகள் மாறி வருவது. செவிலியர் இரத்த வங்கியை நம்புகிறார். இரத்த வங்கி முகாமை நம்புகிறது. முகாமினர் கொடையாளர் சொல்லை நம்புகின்றனர். கொடையாளரோ, தம் உடலில் ஏதேனும் குறையிருந்தால் மருத்துவமனை தமக்குச் சொல்லியிருக்கும் என்று நம்புகிறார். ஒவ்வொருவரும் தமக்கு முந்தியவர் பார்த்திருப்பார் என்று இருந்துவிட்டால், இறுதியில் ஒருவருமே பார்த்திரார். நம்பிக்கை நற்குணமே, ஆனால் தான் பார்க்க வேண்டியதைப் பிறர் தலையில் ஏற்றும் நம்பிக்கை, சோம்பலுக்கு இட்ட நற்பெயராகும்.

எம் பிழை

இவ்வளவும் பிறரைப் பற்றிக் கூறினோம். இனி எம்மைப் பற்றியும் கூறியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், மகாவீரர் ஜயந்தியை ஒட்டி எங்கள் ஊரில் குருதிக் கொடை முகாம் ஒன்றை நாம் நடத்தினோம். நூறு கொடையாளர் என்று இலக்கு வைத்து, பந்தலின் வாயிலில் பலகை ஒன்றை நிறுத்தி, ஒவ்வொருவர் கொடுத்து முடித்ததும் எண்ணை மாற்றி எழுதி வந்தோம். மாலை நெருங்கும்போது எண் தொண்ணூற்றாறில் நின்றது. பந்தலின் ஓரத்தில் நாம் அறிந்த குடும்பத்து இளைஞர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அழைத்தோம். "இன்று வேண்டாம் ஐயா" என்றார். எம்மில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "ஊசிக்குப் பயமா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்களும் சிரித்தனர். நாம் அவர் தோளில் கை வைத்து அழைத்துப்போய்ப் படுக்க வைத்தோம். படிவத்தின் வினாக்களுக்கு அவர் எல்லோர் முன்னிலையிலும் விடை கூற நேர்ந்தது. பலகையில் எண் தொண்ணூற்றேழு ஆயிற்று. நாம் மகிழ்ந்தோம்.

அன்றிரவு ஒன்பது மணிக்கு அவர் எம் இல்லத்துக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாயிலிலேயே நின்று, "ஐயா, நான் கொடுத்ததை யாருக்கும் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காரணம் மட்டும் கேட்காதீர்கள்" என்றார். நாம் கேட்கவில்லை. உடனே இரத்த வங்கியின் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துப் பையின் எண்ணைக் கூறினோம். அவரும் காரணம் கேட்காமல் அதனைத் தனியே எடுத்து வைத்தார். எவருக்கும் தீங்கு நேரவில்லை.

ஆயினும் அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. ஒரு நல்ல மனிதர், உண்மை பேச விரும்பியவர், எம் பந்தலில் உண்மை பேச இயலாதவாறு ஆக்கப்பட்டார். அவரைப் பொய்யராக்க முயன்றது யார்? அந்தப் பலகையும், அந்தச் சிரிப்பும், தோளில் விழுந்த எம் கையும் அல்லவா? அஹிம்சையின் பெயரால் எடுத்த விழாவில், எண்ணிக்கையின் ஆசையால் நாம் பாராமல் நடந்தோம். அவர் மட்டும் பார்த்து நடந்தார்.

பின்னர் சாத்தூர்ச் செய்தியைப் படித்தபோது, எம் வாயிலில் நின்ற அந்த முகமே எம் கண்முன் வந்தது. இருவரும் உண்மையைத் தாமே வந்து சொன்னவர்கள். ஒருவர்க்கு அதைக் கேட்டு மறைத்துக்கொள்ளும் செவி கிடைத்தது. மற்றவர்க்கு அது கிடைக்கவில்லை.

கொடுப்பவர்க்கும் அபயம்

தானம் நான்கு என்பர் நம் முன்னோர்: உணவு, மருந்து, நூலறிவு, அபயம். குருதிக் கொடை மருந்து தானத்தைச் சேர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அச்சத்தைத் தரும் மருந்து மருந்தாகாது. ஏற்பவர்க்கு அபயம் அளிக்கும்போதே குருதிக் கொடை தானமாக நிறைவு பெறுகிறது. ஏற்பவர்க்கு அபயம் கிட்ட வேண்டுமாயின், கொடுப்பவர் உண்மை சொல்லத் துணிய வேண்டும். அவர் துணிய வேண்டுமாயின், அவர்க்கு நாம் அபயம் அளித்தாக வேண்டும்.

வரலாறும் இதனையே காட்டுகிறது. முன்பு குருதியை விலைக்கு விற்போர் இருந்தனர். விற்பவர்க்குத் தம் நோயை மறைக்கக் காரணம் இருந்தது. சொன்னால் கூலி போய்விடும். 1996 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பின் பயனாக, 1998 முதல் அவ்வழக்கம் தடுக்கப்பட்டது. தன்னார்வக் கொடையாளர்க்குப் பொய் சொல்லக் காரணம் இல்லை என்பதே அத்தீர்ப்பின் பின்னுள்ள நியாயம். ஆனால் காசு போன இடத்தில் நாணமும், கெளரவமும், உறவினர் வற்புறுத்தலும், பலகையின் எண்ணும் வந்து அமர்ந்தால், காரணம் மீண்டும் பிறந்துவிடுகிறதே! "உன் அத்தைக்கு அறுவை, நீ கொடுக்கமாட்டாயா?" என்று பத்துப் பேர் நடுவில் கேட்கப்படுபவர், எப்படித் தம் அந்தரங்கத்தைச் சொல்வார்?

எச்.ஐ.வி. உள்ளோரின் செய்தியை மறைவாகக் காக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிடுகிறது. கொடையாளர் படிவத்திலும், ஆய்வில் குறை தெரிந்தால் தமக்கு அறிவிக்கப்பட வேண்டுமா என்று கேட்டு ஒப்புதல் பெறும் முறை உள்ளது. சட்டமும் படிவமும் வழியைத் திறக்கும். அவ்வழியே நடந்து வருபவரை ஊர் எப்படி ஏற்கிறது என்பது நம் கையில் இருக்கிறது. இந்நோய் இன்று மருந்தால் கட்டுப்படுவது. முறையாக மருந்துண்பவர் நெடுநாள் நலமாக வாழலாம். அந்த இளைஞரைக் கொன்றது கிருமியன்று. அவமானத்தின் அச்சமும், செய்யாத குற்றத்தின் சுமையுமே அவரைக் கொன்றன என்று எண்ணுகிறோம்.

அளவறிந்து ஏற்றல்

இனி மறுபக்கத்தையும் பார்த்தல் நேர்மை. "இத்தனை ஆபத்து உண்டெனில் குருதி கொடுக்கவும் வேண்டா, ஏற்கவும் வேண்டா" என்று எவரேனும் முடிவு செய்தால் அது மற்றொரு ஹிம்சையாகும். மகப்பேற்றில் பெருகும் உதிரப்போக்கும், சாலை விபத்தும், பெரிய அறுவையும் குருதியின்றி உயிரை வாங்கும். 1901-இல் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் குருதி வகைகளைக் கண்டறிந்தபின் பிழைத்தெழுந்த உயிர்கள் எண்ணில் அடங்கா. வேண்டியபோது கொடாமையும் பாராமுகமே.

வேண்டுவது அளவறிதல். நாம் பரிக்ரக பரிமாணம் என்று பொருளுக்கு வகுக்கும் எல்லையை, இன்றைய மருத்துவம் குருதிக்கும் வகுத்து வருகிறது. 1999-இல் கனடா நாட்டில் தீவிர சிகிச்சையிலிருந்த 838 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழ் இறங்கும்வரை பொறுத்து ஏற்றியபோது, 10 கிராமுக்குக் கீழ் இறங்கியதுமே ஏற்றியதைவிட நோயாளிகள் எவ்வகையிலும் குறைவுற்றாரல்லர் என்று அதில் தெரியவந்தது. சமய நம்பிக்கையால் குருதியை ஏற்க மறுப்போர்க்கு, ஹூஸ்டன் நகரில் டென்டன் கூலி என்னும் அறுவை வல்லுநர் அவர்தம் விருப்பத்தை மதித்துக் குருதியின்றியே இதய அறுவை செய்தார். அத்தகைய 542 பேரின் விவரத்தை 1977-இல் அவர் குழுவினர் வெளியிட்டனர். ஒருவர் மனச்சான்றை மதிக்கப் போய், எல்லா நோயாளிகளிடத்தும் குருதியைச் சிக்கனமாகக் காக்கும் வழியை மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது. அறுவைக்குச் சில வாரம் முன்பே சோகையைக் கண்டு இரும்புச் சத்து கொடுத்தல், சிந்தும் குருதியை அறுவையின்போதே குறைத்தல், ஒரு பை போதுமெனில் இரண்டாம் பையைத் தவிர்த்தல் ஆகியன அவ்வழிகள்.

படுக்கையருகில் வேண்டும் விழிப்போ மிக எளியது. ஏற்றியவுடன் தோன்றும் கொடிய ஒவ்வாமைக்கு முதற்காரணம் அரிய நோய் எதுவுமன்று. ஒருவர்க்குரிய பை மற்றொருவர்க்குப் போய்ச் சேரும் ஆள்மாறாட்டமே. இருவர் சேர்ந்து நோயாளியின் பெயரையும், எண்ணையும், குருதி வகையையும், பையின் காலக்கெடுவையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்க வேண்டும். நோயாளி நினைவோடு இருந்தால் அவர் பெயரை அவரே சொல்லக் கேட்க வேண்டும். முதல் பதினைந்து நிமிடம் செவிலியர் அருகிருந்து பார்க்க வேண்டும். நடுக்கம், காய்ச்சல், இடுப்பு வலி, மூச்சுத் திணறல் தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். 2009-இல் எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில், அறுவைக்கு முன்னும் பின்னும் ஒரு சிறு பட்டியலை வாய்விட்டுப் படிக்கும் வழக்கத்தால், இறப்பு விழுக்காடு 1.5-இலிருந்து 0.8-ஆகக் குறைந்தது வெளியிடப்பட்டது. புதிய கருவி எதுவும் வாங்கப்படவில்லை. பார்ப்பதைப் பழக்கமாக்கினர்; அவ்வளவே.

இது நமக்குப் புதிதன்று. எடுக்கும்போதும் வைக்கும்போதும் பார்த்தே செய்க என்னும் ஆதான நிக்ஷேபண சமிதி, முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஒன்று. நம் இல்லங்களில் நீரை வடிகட்டாமல் பருகுவதில்லை. நீர் தெளிவாக இருக்கிறதே என்று எந்தத் தாயும் வடிகட்டும் துணியை மடித்து வைத்துவிடுவதில்லை. அங்கு நாம் காப்பது நீரில் வாழும் சிற்றுயிரை. இங்குக் காக்க வேண்டியது படுக்கையில் கிடக்கும் பேருயிரை. கண்ணுக்குத் தெரியாததற்காகக் கை நின்று பார்க்கும் பழக்கம் இரண்டிற்கும் ஒன்றே. மருத்துவமனையில் உறவினர் படுத்திருக்கும்போது, "இந்தப் பை இவருக்குரியதுதானா? ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்" என்று பணிவோடு கேட்பதில் எவர்க்கும் நாணம் வேண்டா. கேட்கப்படும் செவிலியரும் அதனை அவமதிப்பாகக் கொள்ளுதல் தகாது.

எங்கள் ஊர் முகாம் ஆண்டுதோறும் நடந்து வருகிறது. இப்போது பந்தலில் பலகை இல்லை. படிவம் நிரப்பத் திரையிட்ட தனியறை ஒன்று உண்டு. கொடுத்துவிட்டுச் சென்றவர் பின்னர் எந்நேரமும் அழைத்து, காரணம் கூறாமலே தம் குருதியை நிறுத்தச் சொல்ல, இரத்த வங்கியின் தொலைபேசி எண் அச்சிட்ட சீட்டு ஒவ்வொருவர் கையிலும் தரப்படுகிறது. "இன்று வேண்டாம்" என்பவர்க்கும் மற்றவர்க்குத் தரும் அதே பழச்சாற்றைக் கொடுத்து வணங்கி அனுப்புகிறோம். எண்ணிக்கை முன்போல் வருவதில்லை. சென்ற முறை அறுபத்து மூன்று பேரே கொடுத்தனர்.

அவர்களுள் எம் வாயிலில் வந்து நின்ற அந்த இளைஞர் இல்லை. அவர் காலை முதல் மாலை வரை, கொடுக்க வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.